சட்ட ஆராய்ச்சிக்கு நம் பிள்ளைகள்
(கோபிநத்தம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



சட்டம் படித்த பிள்ளைகள் மேலே எல்.எல்.எம். போகலாமா என்று கேட்கிறார்கள். கறுப்புக் கோட்டு போட அது வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். வேண்டாம். கட்சிக்காரன் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரமாட்டான். சட்டக் கல்லூரியில் ஆசிரியராக அது தேவை, அதுவும் நல்லதுதான். ஆனால் நாம் கேட்பது வேறு காரணத்துக்காக.

1956 நவம்பர் 1-இல் கொள்ளேகால் தாலுகா கோவை மாவட்டத்தை விட்டு மைசூர் மாநிலத்தில் சேர்ந்தது. மைசூர் மாவட்டமாக இருந்த நாம் 1997-இல் சாமராஜநகர் மாவட்டமானோம். பேச்சு மட்டும் தமிழாகவே நின்றது. கீழ்க்கோர்ட்டில் கன்னடம், ஹைகோர்ட்டில் இங்கிலீஷ். நம் வீட்டு வழக்கை நாமே படிக்க முடியாமல் போனது இப்படித்தான்.

வெளியூரில் நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் வீரப்பன் என்பார்கள். சினிமா வந்தது, புத்தகம் வந்தது. அவனால் செத்தவர்களை நாம் மறைக்கவில்லை. 1991-இல் கொல்லப்பட்ட வன அதிகாரி ஸ்ரீநிவாசை இந்த ஊர் இன்றும் கும்பிடுகிறது. ஆனால் தடா சட்டத்தில் பிடிபட்ட நூற்றுக்கு மேற்பட்டவர்களின் கதை எங்கே? மைசூர் தடா கோர்ட்டு 2001-இல் தீர்ப்புச் சொன்னபோது பெரும்பாலோர் விடுதலை ஆனார்கள். அதுவரை சிறையில் கழிந்த வருடங்களுக்கு யார் கணக்கு? அதிரடிப்படையின் அத்துமீறல்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007-இல் மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அது ஆணையத்தின் சிபாரிசு. குற்றமற்றவன் என்று விடுதலையானவனுக்கு நஷ்டஈடு உரிமை என்று தனிச் சட்டம் இல்லை. வேண்டும் என்று 2018-இல் சட்ட கமிஷன் தன் 277-ஆவது அறிக்கையில் சொன்னது.

ஆராய்ச்சி என்றால் ஆவேசப் பேச்சு அல்ல. அது நமக்கே வரும். ஒரு கேள்வியைப் பிடிக்க வேண்டும். சாதாரண வழக்கில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. தடா இருந்தபோது அதன் 15-ஆவது பிரிவில் எஸ்.பி. எழுதி வாங்கினாலே செல்லுபடியானது. தமிழ் மட்டும் தெரிந்தவன் சொன்னது எந்த மொழியில் எழுதப்பட்டது, அவனுக்குப் படித்துக் காட்டப்பட்டதா? இந்த ஒரு கேள்விக்கே ஓர் ஆய்வேடு போதாது. காகிதத்தைக் கன்னடத்திலும் தீர்ப்பை இங்கிலீஷிலும் படித்து, பாட்டியிடம் தமிழில் கேட்கக்கூடிய பிள்ளை வேறு எந்த ஊரில் இருக்கிறான்?

சட்ட வாத்தியார்கள் எழுதி என்ன ஆகும் என்பீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் கெடுக்கப்பட்ட மதுரா என்ற ஆதிவாசிப் பெண்ணின் வழக்கில் இரண்டு போலீசாரை சுப்ரீம் கோர்ட்டு விடுவித்தது. 1979-இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் முதலிய நான்கு சட்ட ஆசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் எழுந்தார்கள். 1983-இல் சட்டமே திருந்தியது.

2012-இல் யு.ஜி.சி. ஒரு வருட எல்.எல்.எம். கொண்டுவந்தது. அதில் ஆய்வேட்டுக்கு மூச்சுவிட நேரமில்லை. இரண்டு வருடப் படிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று. தகரப் பெட்டியில் கிடக்கும் ஜாமீன் உத்தரவு, சிறை விடுதலைச் சீட்டு, தீர்ப்பு நகல் எதையும் அடுப்பில் போடாதீர்கள். ரசீது இல்லாமல் பார்சல் மூட்டை லேசில் கிடைக்காது என்பது ரயில்வேக்காரருக்குத் தெரியும். கரையான் பிடிக்கும் முன் எடுத்து வாருங்கள். அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். நகல் எடுக்கும் செலவு சங்கத்துடையது.