பழங்காசு சேர்ப்போருக்கு



பழங்காசு சேர்ப்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்பார்கள். பதுளைத் தோட்டங்களில் வாழும் நமக்குப் பாட்டியின் சுருக்குப் பையே நல்ல தொடக்கம்.

அதில் 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதம் ஒன்று இருக்கக்கூடும். ஒரு புறம் விக்டோரியா மகாராணி. மறுபுறம் ஒற்றைப் பனைமரம், அதன் இருமருங்கும் சிங்களமும் தமிழும். அக்காலத்தில் சில்லறைத் தட்டுப்பாட்டினால் கொழும்புக் கோப்பி ஆலைகள் தாமே உலோக வில்லைகளை வெளியிட்டன. 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தது, வில்லைகள் எஞ்சின.

இன்னும் பின்னே போனால் இராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு. ஒரு புறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம். அவ்வடிவையே பொலன்னறுவை மன்னரும் பின்பற்றினர். நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் கண்டால் யாழ்ப்பாண அரசர் காசென்று அறியலாம்.

காசைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். களிம்போடு எழுத்தும் தேய்ந்துபோகும். மண்வெட்டியில் அகப்பட்டதை வியாபாரியிடம் கொடுக்காதீர்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய புதைபொருள், 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி அரசுக்குரியது. கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும். விற்றுவிட்டால், எந்த மண்ணில் கிடைத்தது என்ற சேதியும் தொலைந்துவிடும்.

வீட்டில் கிடைத்த காசுகளை நான் தனித்தனிக் கடித உறையில் இட்டு, எங்கே, யாரிடம், எப்போது கிடைத்தது என எழுதி வைக்கிறேன். லயத்து மக்களின் வாழ்வை ஏட்டில் எழுதியோர் சிலரே. அந்த நாலு வரியும் நமக்கு வரலாறுதான்.