இயற்கை உணவும் இல்லத்துச் செலவும்

(திருவிழாக் காலச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

பேரங்காடிக்குள் நுழையும் இல்லத்தரசியர் பலரும் இன்று ஒரு தடுமாற்றத்தைச் சந்திக்கின்றனர். ஒரே வகைக் கீரை இரண்டு இடங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று சாதாரணக் கட்டு. மற்றொன்று 'இயற்கை முறையில் விளைந்தது' என்னும் முத்திரையோடு உறையிலிட்ட கட்டு. அதன் விலையோ இரு மடங்கு. சில வேளைகளில் அதற்கும் மேல். பிள்ளைகளின் உடல்நலத்தை எண்ணினால் கை உறையிலிட்ட கட்டின் பக்கம் போகிறது. மாதக் கடைசியை எண்ணினால் சாதாரணக் கட்டுக்கே திரும்பி விடுகிறது. அந்தக் கூடுதல் பணத்திற்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

முதலில் அந்த முத்திரை எதை உறுதி செய்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். மலேசியாவில் இயற்கை விளைபொருளுக்கான தரநிர்ணயம் எம்.எஸ். 1529 என்னும் எண்ணோடு 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. செயற்கை உரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி, மரபணு மாற்றம் செய்யப்பட்ட விதை ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. அந்நெறிப்படி பயிர் செய்வோருக்கு வேளாண்மைத் துறை 'மைஒர்கானிக்' என்னும் சான்றிதழை வழங்குகிறது. சிங்கப்பூரும் 2017ஆம் ஆண்டு எஸ்.எஸ். 632 என்னும் தரநிர்ணயத்தை வகுத்தது. எனினும், இயற்கை வேளாண்மை என்றால் மருந்தே தெளிக்கப்படாதது என்று பலர் எண்ணுவது சரியன்று. வேம்பிலிருந்து எடுக்கப்படும் பொருள், கந்தகம், செம்புக் கலவை போன்றவை அம்முறையிலும் அனுமதிக்கப்படுகின்றன. சான்றிதழ் பயிரிடும் முறைக்குத்தான் வழங்கப்படுகிறது. உண்பவருக்கு நோய் வராது என்பதற்கு அது சான்றாகாது.

இம்முறை மேலைநாட்டார் புதிதாகக் கண்டுபிடித்தது என்று கருதுவோரும் உளர். இயற்கை வேளாண்மையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1905ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். பூசாவிலும் பின்னர் இந்தூரிலும் பணியாற்றினார். உள்ளூர்க் குடியானவர்களையே தம் ஆசிரியர்களாக மதித்த அவர், சாணமும் தழையும் கொண்டு மட்கு உரம் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். அதற்கு அவர் இட்ட பெயரே 'இந்தூர் முறை' என்பதாம். பாட்டன்மார் செய்த வேளாண்மை ஆங்கிலப் பெயர் பூண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இரு மடங்கு விலையோடு திரும்பி வந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி, உடல்நலம் பற்றிய கேள்விக்கு வருவோர் அறிய வேண்டிய ஆய்வுகள் சில உள்ளன. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள், அதுவரை வெளிவந்திருந்த இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். இயற்கை உணவில் சத்துகள் கூடுதலாக உள்ளன என்பதற்கு வலுவான சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தார் 343 ஆய்வுகளைத் தொகுத்துச் சற்று மாறுபட்ட முடிவை வெளியிட்டனர். இயற்கை விளைபொருளில் நோய் எதிர்ப்புக்குத் துணையாகக் கருதப்படும் சில பொருள்கள் மிகுந்தும், காட்மியம் என்னும் நச்சு உலோகம் குறைந்தும் காணப்படுவதாக அவர்கள் கூறினர். இவ்விரு குழுவினரும் ஒத்துப் போகும் இடம் ஒன்று உண்டு. பூச்சிக்கொல்லியின் எச்சம் இயற்கை விளைபொருளில் மிகவும் குறைவு என்பதே அது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 23 பிள்ளைகளுக்கு ஐந்து நாள் இயற்கை உணவு மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரில் தென்பட்ட குறிப்பிட்ட சில பூச்சிக்கொல்லிகளின் சுவடு கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தது. பழைய உணவுக்குத் திரும்பியதும் அச்சுவடும் திரும்பியது. 2006இல் வெளிவந்த செய்தி இது.

ஆனால் அந்த எச்சம் குறைவதால் நோய் குறைகிறதா? இங்கேதான் அறிஞர்கள் பிரிகின்றனர். பிரான்சு நாட்டில் ஏறத்தாழ 69,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இயற்கை உணவை மிகுதியாக உண்டோரிடையே புற்றுநோய் 25 விழுக்காடு குறைந்திருந்ததாகக் கூறிற்று. அதற்கு முன் 2014இல், இங்கிலாந்தில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்மணிகளைக் கவனித்த ஆய்வில் மொத்தப் புற்றுநோய் அளவில் அத்தகைய வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. விலை உயர்ந்த உணவை வாங்குவோர் பெரும்பாலும் கல்வியும் வருவாயும் மிக்கவர்கள், புகைபிடித்தல் குறைந்தவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள். நலம் உணவால் வந்ததா, வாழ்க்கை முறையால் வந்ததா என்று பிரித்துக் காண்பது எளிதன்று.

இந்தச் சர்ச்சையை அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, சர்ச்சைக்கு இடமில்லாத ஓர் உண்மையை ஒவ்வோர் இல்லமும் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு மலேசியாவில் எடுக்கப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை! நாளொன்றுக்கு 400 கிராமாவது உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதே ஆய்வு, பெரியவர்களில் ஐவருக்கு ஏறத்தாழ ஒருவர் நீரிழிவு நோயாளர் என்றும், இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மிக அதிகம் என்றும் காட்டிற்று. தட்டில் சோறு மலையாகவும் கீரை ஒரு கரண்டியாகவும் இருக்கும்போது, அந்த ஒரு கரண்டி எந்த முறையில் விளைந்தது என்று வாதிடுவது முறையாகுமா?

மாதம் 200 வெள்ளிக்குக் காய்கறி வாங்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக் கொள்ளலாம். அக்குடும்பம் எல்லாவற்றையும் இயற்கை முறைக்கு மாற்றினால் செலவு 400 வெள்ளியாகும். வருவாய் உயராத நிலையில் நடப்பது என்ன? 200 வெள்ளியையே செலவிட்டுப் பாதி அளவு காய் வாங்கப்படும். பிள்ளைகளின் தட்டில் காய் பாதியாகும். அது நட்டமேயன்றி இலாபமன்று. சாதாரணச் சந்தையில் கிடைக்கும் கங்கோங், பயற்றங்காய், வெண்டைக்காய், பூசணி ஆகியவற்றைத் தாராளமாகச் சமைக்கும் தாய், விலை உயர்ந்ததைச் சிறிதளவு சமைக்கும் தாயைவிடக் குடும்பத்திற்கு மிகுந்த நன்மை செய்கிறார். அவர் மனம் குறுகுறுக்க வேண்டிய தேவையே இல்லை. இயற்கைச் சீனி, இயற்கைப் பிஸ்கட் என்று விற்கப்படுபவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சீனி எந்த மண்ணில் விளைந்தாலும் சீனியே. நீரிழிவு நோய் முத்திரையைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை.

அப்படியானால் கூடுதல் விலை வெறும் ஏமாற்றா? அதுவும் இல்லை. களைக்கொல்லி தெளித்து ஒரு நாளில் முடிக்கும் வேலையைக் கையால் களை பறித்துச் செய்யும்போது பல நாள் ஆகிறது. விளைச்சலும் குறைகிறது. 2012இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு, பயிருக்கும் நிலத்துக்கும் ஏற்ப 5 முதல் 34 விழுக்காடு வரை குறைவதாகக் கணக்கிட்டது. போதிய ஏற்பாடின்றி அவசரப்பட்டால் நேர்வதை இலங்கை 2021ஆம் ஆண்டு கண்டது. செயற்கை உர இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டது. நெல்லும் தேயிலையும் பாதிக்கப்பட்டன. சில மாதங்களிலேயே தடை திரும்பப் பெறப்பட்டது. மண்ணைப் பழக்குவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அந்தப் பொறுமைக்கும் உழைப்புக்கும் உரிய கூலி விலையில் ஏறுகிறது.

அந்தக் கூலியில் அடங்கியிருக்கும் மற்றொன்றை இந்நாட்டுத் தமிழர் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அறிவர். தோட்டப்புறத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் போன தமிழ்த் தாய்மார்கள் மருந்துப் பம்பை முதுகில் சுமந்து, பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் ஆண்டுக்கணக்கில் களைக்கொல்லி தெளித்தவர்கள். பம்பு ஒழுகினால் முதுகு நனையும். காற்று திரும்பினால் முகம் நனையும். கையுறையும் முகமூடியும் இந்த வெயிலில் அணிந்து வேலை செய்வது எவ்வளவு கடினம் என்பதை அணிந்து பார்த்தவரே அறிவர். 2002ஆம் ஆண்டு தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. மூக்கில் இரத்தம் வடிதல், தோல் அரிப்பு, நகம் கெடுதல் என்று அப்பெண்கள் வீட்டோடு முடங்கி அனுபவித்தவை அதன்பின் பொதுப் பேச்சாயின.

அவர்கள் தெளித்த மருந்துகளுள் ஒன்று பராகுவாட். உட்கொண்டால் முறிமருந்து இல்லாத நஞ்சு அது. 2002இல் அதனைத் தடை செய்வதாக மலேசிய அரசு அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடையில் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அந்த ஆண்டுகளில் பம்பைச் சுமந்தவர்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

செம்பனைக் காட்டுக்கும் பேரங்காடிக் கீரைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று ஒருவர் கூறலாம். உண்மைதான். இயற்கைக் கீரையை வாங்குவதால் தோட்டத்தில் மருந்தடித்த தாய்க்கு எதுவும் திரும்பி வரப் போவதில்லை. ஆயினும் கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் இன்று பம்பைச் சுமப்பவர் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று தமிழர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். உணவில் எஞ்சும் மருந்துக்கு 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் உச்ச வரம்பு விதித்திருக்கின்றன. அந்த வரம்பு உண்பவரைக் காப்பது. தெளிப்பவர் சுவாசிக்கும் அளவைப் பற்றி அது பேசுவதில்லை. கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற தாய்மாரைக் கவனித்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அம்மருந்துகளின் சுவடு தாயின் உடலில் மிகுதியாகக் காணப்பட்ட பிள்ளைகள் ஏழு வயதில் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கியிருந்தனர். பாதிப்பு எங்கே முதலில் விழுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே, கூடுதல் பணம் உண்பவருக்கு வாங்கித் தரும் நலன் சிறிது. தெளிப்பவருக்கும் மண்ணுக்கும் ஆற்று நீருக்கும் வாங்கித் தரும் நலன் பெரிது. வசதி உள்ளவர் அதனை மருந்துச் செலவாகக் கருதாமல், பிறர் உடலைக் காக்கும் செலவாகக் கருதி வாங்கினால் அப்பணம் வீணாகாது. (அச்சான்றிதழ் தொழிலாளியின் சம்பளத்தை உறுதி செய்வதில்லை என்பதையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.) வசதி இல்லாதவர் கடன்பட்டு வாங்க வேண்டியதில்லை.

நடுத்தர நிலையில் உள்ளோர் தேர்ந்து வாங்கலாம். தடித்த தோலை உரித்து உண்ணும் தேங்காய், அன்னாசி, வெங்காயம் முதலியவற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பயன் குறைவு. தோலோடும் இலையோடும் உண்ணும் கீரை, ஸ்ட்ராபெரி, ஆப்பிள் ஆகியவற்றில் எச்சம் தங்கும் வாய்ப்பு அதிகம். கருவுற்ற பெண்களும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டில் இவற்றுக்கு முதலிடம் தரலாம். வாங்கும்போது முத்திரையையும் சான்றிதழ் எண்ணையும் பார்க்க வேண்டும். எம்.எஸ். 1529க்கு உட்படாத உணவில் 'ஒர்கானிக்' என்று எழுதி விற்க உணவு விதிமுறைகள் இடம் தருவதில்லை. இரவுச் சந்தையில் அட்டையில் கையால் எழுதி வைத்திருப்பதை நம்பி இரு மடங்கு விலை தர வேண்டியதில்லை.

சாதாரணக் காயைக் கழுவும் முறையிலும் பயன் உண்டு. 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆப்பிளைச் சோதித்தபோது, ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் ஆப்பச் சோடா கரைத்து 12 முதல் 15 நிமிடம் ஊற வைத்ததில் மேற்பரப்பில் இருந்த மருந்தில் பெரும்பகுதி நீங்கிற்று. தோலுக்குள் ஊடுருவியது மட்டும் நீங்கவில்லை. ஆயிரக்கணக்கானோருக்கு அன்னதானம் சமைக்கும் ஆலயச் சமையற்கூடங்களும் கீரையையும் கொத்தமல்லியையும் ஒரே நீரில் அமிழ்த்தி எடுக்காமல், ஓடும் நீரில் அலசுவதற்குத் தொண்டர்கள் இருவரைக் கூடுதலாக அமர்த்தினால் போதும், செலவு எதுவுமில்லை.

கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்குவதைத்தான் புரிந்து கொள்ள முடியவில்லை. இந்தியாவிலிருந்து வரும் கறிவேப்பிலையைப் பூச்சிக்கொல்லி எச்சத்திற்காக ஐரோப்பிய ஒன்றியம் தனிக் கவனத்தோடு சோதித்து வந்திருக்கிறது. அதே செடி இந்த நாட்டு மண்ணில் எந்த மருந்தும் கேட்காமல் வேலியோரம் வளர்கிறது. முருங்கையும் அப்படியே, ஒரு கொம்பை நட்டால் போதும். அடுக்குமாடியில் வாழ்வோர் தாழ்வாரத்துத் தொட்டியில் கறிவேப்பிலை, பொன்னாங்கண்ணி, பச்சை மிளகாய் ஆகியவற்றை வளர்க்கலாம். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடக் கூடாது. தேங்கினால் ஏடிஸ் கொசு வரும். அதனை ஒழிக்க மறுபடியும் மருந்தடிக்க ஆள் வருவார்.