கம்பி கண்ணில் படும் கடைசி நாள்



புதுவையின் கருவடிக்குப்பத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீடாவது பாதியில் நிற்கிறது. கீழே செங்கல் அடுக்கு, மேலே சென்ட்ரிங் ஷீட், அதற்கும் மேலே வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் பில்லர் கம்பிகள். சித்தானந்த சுவாமி கோயிலும், பாரதியார் உலவிய குயில் தோப்பும் அடையாளமாக விளங்கிய ஊர் இது. இன்று மனைகளின் ஊர். வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொட்டி இங்கே வீடு கட்டுகிற குடும்பம், டைல்ஸ் கடையில் ஒரு நாள் முழுக்க நின்று நிறம் பார்க்கிறது. தளம் போடுவதற்கு முந்தைய நாள் சாரத்தில் ஏறி, அந்தக் கம்பிக் கட்டை அரை மணி நேரம் நின்று பார்ப்பவர்கள் குறைவு. இந்த உரை அந்த அரை மணி நேரத்தைப் பற்றியது.

பழைய புதுவை வீடுகளில் இந்த ஒரு நாள் அவசரம் கிடையாது. மெட்ராஸ் டெரஸ் போட்ட வீட்டில் மர உத்தரங்கள் கூரைக்கு அடியில் வரிசையாகத் தெரியும். கரையான் ஏறியிருக்கிறதா, தொய்வு விழுந்திருக்கிறதா என்று ஐம்பது ஆண்டு கழித்தும் அண்ணாந்து பார்த்துச் சொல்லலாம். அதற்காக அந்தக் கட்டடங்கள் சாகாவரம் பெற்றவை அல்ல. நெடுங்காலம் பழுதுபட்டு நின்ற கடற்கரைச் சாலை மேரி கட்டடம் (பழைய நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் 29 அன்று மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. ஆனால் அங்கே நோய் வெளியே தெரிந்தது. கான்கிரீட் வீட்டில் எலும்பு முழுவதும் உள்ளே போய்விடுகிறது. எத்தனை கம்பி, எந்த இடைவெளி, எவ்வளவு உயரத்தில் என்பதை நேராகப் பார்க்க வாய்க்கும் கடைசி நாள் அந்த ஒரு நாள்தான்.

அனுபவமுள்ள பொறியாளர் தளத்தின் மேல் ஏறியதும் கம்பிகளை எண்ணத் தொடங்குவதில்லை. முதலில் குனிந்து அடியில் பார்க்கிறார். கம்பிக்கும் ஷீட்டுக்கும் நடுவே கவர் பிளாக் இருக்கிறதா, அல்லது கையில் கிடைத்த ஜல்லியைச் செருகியிருக்கிறார்களா? ஜல்லி நகரும், உருளும். ஆள் மிதித்ததும் கம்பி போய் ஷீட்டில் படுத்துக்கொள்ளும். உள்நாட்டு ஊரில் இது ஒரு குறை. கடல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் கருவடிக்குப்பத்தில் இதுவே வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. உப்பு மெல்ல ஊறிக் கம்பியைத் தொடுகிறது, கம்பி துருப்பிடிக்கிறது, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டில் சீலிங்கில் பெயர்ந்து விழும் பத்தைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 456 நெறிமுறை இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்புக் காற்றிலிருந்து மறைவாக உள்ள கான்கிரீட்டுக்கு 30 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்), எம் 25 தரக் கான்கிரீட். கடலோரச் சூழலுக்கு நேராக வெளிப்படும் பகுதிக்கு 45 மில்லிமீட்டர் கவர், எம் 30 கான்கிரீட் என்று கேட்கிறது. நம் தெருக்களில் வழக்கத்தில் இருப்பதோ 20 மில்லிமீட்டர் கவரும் எம் 20 கலவையும். வீட்டின் எந்தப் பகுதி எந்த வகையில் வரும் என்பதை வடிவமைத்த பொறியாளர் வரைபடத்திலேயே எழுதித் தர வேண்டும். எழுதித் தராத வரைபடத்தை வைத்துக்கொண்டு மேஸ்திரியைக் குறை சொல்வது நியாயமில்லை.

அடுத்துப் பொறியாளரின் கண் போவது பில்லரும் பீமும் சந்திக்கும் இடத்துக்கு. நாலா பக்கமும் இருந்து வரும் கம்பிகள் முட்டிக்கொள்ளும் நெருக்கடியான முடிச்சு அது. அங்கே கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கை நுழைப்பது கடினம் என்பதால், பல இடங்களில் ரிங் இல்லாமலே விட்டுவிடுகிறார்கள். எங்கே மிக அவசியமோ அங்கேதான் விடுபடுகிறது. ரிங்கின் கொக்கியும் அப்படித்தான். அதன் முனை 135 டிகிரி மடங்கி, பில்லரின் உள்வயிற்றை நோக்கிப் போக வேண்டும். சும்மா 90 டிகிரி மடக்கி விட்டால், நிலம் குலுங்கும்போது வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் திறந்துகொள்ளும். செங்குத்துக் கம்பிகள் வெளியே பிதுங்கும். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்திலேயே அடுக்குமாடிகள் சரிந்தன. கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்து விட்டிருந்ததும், பில்லர் கம்பிக் கட்டின் குறைகளும் அந்தச் சரிவுகளில் பேசப்பட்டன. புதுவைக்கு என்ன பயம் என்று கேட்பவர்களுக்கு: அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று நம் கடற்கரைக்கு அப்பால், கடலுக்கு அடியில் ரிக்டர் அளவில் சுமார் 5.5 நிலநடுக்கம் ஏற்பட்டு, புதுவையும் சென்னையும் அதிர்ந்தன. கொக்கியைச் சரியாக மடக்குவதற்குச் செலவு சிறிது கம்பியும் கொஞ்சம் பொறுமையும்தான்.

பால்கனியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

மற்றத் தளங்களில் முக்கியமான கம்பி பெரும்பாலும் அடியில். சுவரிலிருந்து வெளியே நீளும் பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் அது மேலே. பால்கனி கீழ்நோக்கி வளையப் பார்க்கிறது. இழுவை மேற்புறத்தில் விழுகிறது. அதைத் தாங்குவது மேற்கம்பி. கம்பி கட்டுபவர் அதைச் சரியாகத்தான் கட்டிவைத்திருப்பார். மறுநாள் கலவைச் சட்டியைத் தூக்கி வருகிறவர்கள் அதன் மேலேயே நடக்கிறார்கள். அடியில் நாற்காலி போல மடக்கிய சேர் கம்பி வைத்துத் தாங்கியிருக்காவிட்டால் மேற்கம்பி அமுங்கித் தளத்தின் நடுவுக்கு இறங்கிவிடும். ஐந்து அங்குலத் தளத்தில் கம்பி இரண்டு அங்குலம் இறங்கினால் பலத்தில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. பூச்சு வேலை முடிந்து, தொட்டிச் செடி வைத்து, விருந்தாளிகள் நாலு பேர் ஒன்றாகப் போய் நிற்கும்போதுதான் தெரியும். ஆகவே பால்கனிப் பகுதியை ஒரு முறை மிதித்துப் பார்த்து, கம்பி அசைகிறதா என்று கவனிக்க வேண்டும். கான்கிரீட் நாளில் நடப்பதற்குக் கம்பியின் மேல் அல்லாமல் தனியாகப் பலகைப் பாதை போடச் சொல்ல வேண்டும்.

இப்படிப் பக்கத்தில் நின்று பார்க்கும் வேலைக்கு உயர்ந்த முன்மாதிரியைத் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நம் ஊரிலேயே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி, இந்தியாவின் முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். 1937இல் வேலை தொடங்கியது. ஜார்ஜ் நாகஷிமாவும் செக் நாட்டவரான பிரான்டிசெக் சம்மரும் களத்திலேயே இருந்து மேற்பார்வை செய்தார்கள். கட்டடக்கலை படித்தவர்கள் நாற்காலியில் உட்காராமல் கலவைக்கும் கம்பிக்கும் பக்கத்தில் நின்றார்கள். கையாட்களில் பலர் ஆசிரமவாசிகள். முன்பின் கான்கிரீட் வேலை பார்த்தவர்கள் அல்லர். பூசி மறைக்காத கான்கிரீட் என்பதால் தப்பு எதையும் ஒளிக்க வழி கிடையாது. பொருத்துதல்களுக்குப் பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். உலகப் போர் குறுக்கிட்டது. அவசரப்படவும் இல்லை, கைவிடவும் இல்லை. கடலுக்கு இவ்வளவு அருகில், இத்தனை பத்தாண்டுகளுக்குப் பிறகும் அது விடுதியாகவே இயங்குகிறது. திறமையான ஆள் கிடைக்கவில்லை என்ற காரணத்தைப் பலரும் சொல்கிறார்கள். கோல்கொண்டேயைப் பார்த்த பிறகு அந்தக் காரணம் நிற்பதில்லை. அங்கே இருந்தது நேரம் கொடுக்கும் மனது.

மீதி விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். முட்டு நிற்கும் தரை ஈரமண்ணா என்று பாருங்கள். ஒவ்வொரு முட்டுக்கும் அடியில் பலகை வேண்டும். ஷீட் இணைப்புகளில் சந்து இருந்தால் சிமென்ட் பால் ஒழுகி, கான்கிரீட்டில் தேன்கூடு போல ஓட்டைகள் விழும். கம்பியோடு கம்பி ஒட்டும் லேப், களக் கணக்கில் கம்பியின் தடிமனைப் போல ஐம்பது மடங்கு. 12 மில்லிமீட்டர் கம்பிக்கு இரண்டடி. எல்லா லேப்பும் ஒரே வரிசையில் வரக் கூடாது. எலெக்ட்ரிக் பைப்புகளைக் கற்றையாக பீமை ஒட்டிக் கொண்டுபோகக் கூடாது.

கான்கிரீட் நாளில் பெரிய எதிரி தண்ணீர். கலவை இளக்கமாக இருந்தால் இறைக்க எளிது என்பதால் வாளி வாளியாக ஊற்றுவார்கள். எம் 25, எம் 30 தரத்துக்கு ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டைக்கு முறையே 25, 22.5 லிட்டர்தான் உச்ச வரம்பு. மணலில் உள்ள ஈரமும் அதில் சேர்த்தி. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோர போர்வெல் உவர்த்தால் அதைப் பரிசோதிக்காமல் தொடவே கூடாது. 150 மில்லிமீட்டர் கியூப் அச்சில் மாதிரி எடுத்து வைத்து, 28ஆம் நாள் நசுக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். முட்டுப் பிரிப்பதிலும் பொறுமை வேண்டும்: நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள், ஆறு மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள்.

இவ்வளவும் பார்த்தாலும் சில ஆபத்துகள் இந்தப் பார்வைக்குள் அகப்படாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். வடிவமைப்பே தவறானால், வரைபடத்தில் உள்ளபடி கம்பி கட்டியிருக்கிறதா என்று சரிபார்ப்பதால் பயன் இல்லை. 2024 ஜனவரியில் புதுவை ஆட்டுப்பட்டியில் உப்பனாறு வாய்க்கால் ஓரம் புதுமனை புகுவதற்குக் காத்திருந்த மூன்று மாடி வீடு, பக்கத்தில் வாய்க்கால் வேலை நடந்தபோது சாய்ந்து விழுந்தது. அங்கே கேள்வி கம்பியைவிட அடிமண்ணைப் பற்றியது. எனவே மண் பரிசோதனையும், தகுதியுள்ள ஸ்ட்ரக்சரல் பொறியாளர் போட்ட கணக்கும் முதலில். கம்பியைப் பார்ப்பது அதற்குப் பிறகு. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

வீடு கட்டும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேஸ்திரியிடம் கான்கிரீட் தேதியைக் கேட்கும்போதே கம்பி வேலை முடியும் தேதியையும் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளியை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கான கூலியை மனமுவந்து கொடுங்கள். வடிவமைத்த பொறியாளரை அன்று நேரில் வரவழையுங்கள். கம்பி கட்டியவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குறை இருந்தால் அவரைக் கொண்டே திருத்துங்கள். டேப்பைக் கம்பியின் மேல் நீட்டி, ஒவ்வொரு பில்லரையும் பீமையும் பால்கனியையும் படம் எடுத்து, தேதியோடு வரைபடக் கோப்பில் வையுங்கள். பிள்ளைகள் பின்னாளில் மாடி ஏற்றும்போது பொறியாளர் முதலில் கேட்கப்போவது அந்தப் படங்களைத்தான்.