மலையிறங்கும் வண்டியும் பின்சக்கரத்துக் கவ்வியும்

சேலம் நகரிலிருந்து சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நகருக்கும் ஏற்காட்டிற்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். இப்பாதையில் வண்டிகள் ஏறுவதைக் கண்டு வியப்போர் பலர். அவை எவ்வாறு இறங்குகின்றன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஏறுவது எஞ்சினின் வேலை; பத்திரமாக இறங்குவது பெரிதும் பிரேக்கின் பொறுப்பு. அந்தப் பிரேக்கின் ஓர் உறுப்பு பழுதானபோது, மாற்று உறுப்பைத் தேடி அலைந்ததில் நான் அறிந்துகொண்டவற்றை மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஆட்களையும் சேர்த்து ஆயிரம் கிலோகிராம் நிறையுள்ள ஒரு சிறு கார் 1,200 மீட்டர் உயரம் இறங்குகிறது. அப்போது அது இழக்கும் நிலையாற்றல் ஒரு கோடியே பதினேழு இலட்சம் ஜூலுக்கு மேல். இவ்வாற்றல் முழுவதையும் வெப்பமாக்கினால், முப்பது டிகிரியில் உள்ள நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்! ஆற்றல் அழிவதில்லை என்று வகுப்பில் படிக்கிறோம் அல்லவா? அது எங்கேனும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒரு பகுதியைக் காற்றும் டயர்களும் ஏற்கின்றன. சிறிய கியரில் இறங்கினால் எஞ்சின் கணிசமான பங்கை ஏற்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இதுவே. எஞ்சிய வெப்பத்தையெல்லாம் பிரேக்குகள் தாங்கியாக வேண்டும்.

பிரேக்குகளில் இருவகை உண்டு. சக்கரத்தோடு சுழலும் உருளையின் உட்புறத்தில் இரு கட்டைகள் விரிந்து அழுத்துவது டிரம் பிரேக். சுழலும் வட்டத் தகட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பது டிஸ்க் பிரேக். இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902-ஆம் ஆண்டிலேயே டிஸ்க் பிரேக்கிற்கு உரிமம் பெற்றார். ஆயினும், 1953-இல் பிரான்சு நாட்டின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் அதன் பெருமையை உணர்ந்தது. திறந்த வெளியில் சுழலும் தகடு விரைவில் குளிர்கிறது. மூடிய டிரம்மோ வெப்பத்தைத் தன்னுள்ளே தேக்கிக்கொள்கிறது. சூட்டில் அது விரிந்து கட்டைகளைவிட்டு விலகுவதால், மிதியை மேலும் ஆழமாக அழுத்த நேரிடுகிறது.

தகட்டைக் கவ்வும் உறுப்பையே காலிப்பர் என்கிறோம். நல்ல தமிழில் கவ்வி எனலாம். மிதியை அழுத்தும்போது திரவத்தின் அழுத்தம் கவ்வியிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடுகளைத் தகட்டின்மேல் அழுத்துகிறது. முன்சக்கரத்துக் கவ்வியின் வேலை இவ்வளவே. பின்சக்கரத்துக் கவ்வி பலவேளை இரட்டைக் கடமை உடையது. கைப்பிரேக்கை இழுத்தால் ஒரு கம்பி அதன் நெம்புகோலைத் திருப்பும். உள்ளேயிருக்கும் திருகு பிஸ்டனை முன்னே தள்ளும். ஓடும் வண்டியை நிறுத்துவதும், நின்ற வண்டியைச் சரிவில் நிற்கவைப்பதும் ஒரே கவ்வியின் பொறுப்பாகின்றன.

ஏற்காட்டில் வாழும் எனக்கு ஒரு சிறு கார் உண்டு. என் தாயாரை மாதந்தோறும் சேலத்திலுள்ள மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அதன் முதற்பணி. ஒரு மழைக்காலத்தின் முடிவில், சமதரையில் சிறிது தூரம் ஓட்டியதுமே இடப் பின்சக்கரம் மட்டும் சூடேறியது. கைப்பிரேக்கும் சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். இடக் கவ்வியின் பிஸ்டனில் துரு குழிகுழியாக அரித்திருந்தது. வலக் கவ்வியில் ரப்பர் உறை கிழிந்து, அது நகரும் ஊசிகள் உலர்ந்திருந்தன. மூடுபனியும் மழையும் மிகுந்த இடத்தில், குறைவாக உழைக்கும் பின்பிரேக்குகளுக்கு இத்தகைய நோய் வருவதில் வியப்பில்லை.

தெரிந்தவர் ஒருவர் எளிய வழியொன்று கூறினார். “பின்சக்கரத்துக் குழாயை அடைத்துவிட்டு, முன்பிரேக்கைக் கொண்டே இறங்கிவிடுங்கள், ஐயா. பலரும் செய்வதுதான்” என்றார். மெக்கானிக் இதற்கு இசையவில்லை; நானும் இசையவில்லை. ஒரு பின்சக்கரம் மட்டும் பிடித்து மற்றது பிடிக்காவிட்டால், ஈரச் சாலையில் வண்டி ஒருபுறமாகத் திரும்பக்கூடும். முன்பிரேக்குகள் தமக்குரிய வெப்பத்தோடு பிறர் பங்கையும் சுமக்க வேண்டிவரும். வளைவில் எஞ்சின் நின்றுபோனால், கைப்பிரேக்கின் துணையும் அரைகுறையே. ஆகவே, கார் கொட்டகையில் நின்றது. அம்மாவும் நானும் அம்மாதம் பேருந்தில் சென்றோம்.

பிறகு தேடல் தொடங்கிற்று. சேலம் வட்டாரத்தில் மோட்டார்த் தொழிலுக்குக் குறைவில்லை. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிகளுக்குப் பேர்பெற்ற ஊர்கள். லாரிக்குரிய எந்த உறுப்பும் அங்கே எளிதாகக் கிடைக்கும். ஆனால், நம் நாட்டுச் சிறு கார்களில் பெரும்பாலானவை பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உடையவை. அதனால், பின்சக்கரத்துக் கவ்வியைக் கடைக்காரர்கள் வாங்கி வைப்பது அரிது. பெயரைச் சொல்லிக் கேட்பதும் போதாது. 2017-இல் வெளிவந்த பலேனோ ஆர்.எஸ். என்னும் காரில் பின்சக்கரத்திலும் டிஸ்க் உண்டு. அதே காலத்துச் சாதாரண பலேனோவில் டிரம்தான். பெயர் ஒன்று, உறுப்பு வேறு! எனவே, பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் எண்ணைக் காட்டிக் கேட்பதே சரியான முறை. பழைய கவ்வியின் வார்ப்பில் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளிலும், பழைய உறுப்புகள் விற்கும் புதுப்பேட்டையிலும் விசாரித்தேன். புதுப்பேட்டையில் ஒரு கவ்வி மிக மலிவாகக் கிடைத்தது. பொருத்தும் துளைகளும் ஒத்திருந்தன. ஆனால், அது வலப்புறத்துக் கவ்வி. இடப்புறத்தில் பூட்டினால் என்ன என்று கேட்கலாம். திரவத்திலுள்ள காற்றை வெளியேற்றும் நிப்பிள் கவ்வியின் உச்சியில் இருக்க வேண்டும். புறம் மாற்றிப் பூட்டினால் அது கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலேதானே தங்கும்? அது வெளியேறாது. காற்று அழுந்தும், திரவம் அழுந்தாது. உள்ளே காற்றிருந்தால் மிதி பஞ்சுபோல் இறங்கும், பிரேக் பிடிக்காது. துளை பொருந்துவது வேறு, உறுப்புப் பொருந்துவது வேறு என்பதை அன்று கண்டேன்.

முடிவில், அப்பழைய வார்ப்பிலிருந்த எண்ணே வழிகாட்டிற்று. கார் நிறுவனத்திற்குக் கவ்வி செய்து கொடுத்தவர்கள் அதனைத் தம் பெயரிலும் விற்பது வழக்கம். அவ்வழியே இடப்புறத்திற்குப் புதிய கவ்வி வந்தது. வலப்புறத்துப் பிஸ்டன் பழுதின்றி இருந்ததால், அதற்குப் புதிய ரப்பர் வளையங்களும் ஊசிகளும் போதுமாயின. பேடுகளை மட்டும் இருபுறமும் ஒருசேர மாற்றினோம்; இரு சக்கரங்களும் ஒத்துப் பிடிப்பதற்கு அது இன்றியமையாதது. திருகுள்ள பிஸ்டனை வெறுமனே அமுக்கக் கூடாது. அதற்குரிய கருவியால் சுழற்றியே உள்ளே செலுத்த வேண்டும். குழாய் சேருமிடத்துச் செப்பு வளையங்களும் புதியனவாக இருத்தல் வேண்டும்.

திரவத்தையும் மாற்றினோம். டாட் 4 என்னும் தரத்துத் திரவம் புதிதாக இருக்கையில், அதன் கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையலாகாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான நீர் சேர்ந்தாலே கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் திரவம் கொதித்து ஆவியானால், காற்றுப் புகுந்ததன் விளைவே நேரும். நாற்பது லிட்டர் தண்ணீர்க் கணக்கை இங்கே நினைவுகூருங்கள். எல்லாம் பூட்டியபின் முதலில் சமதரையிலும், அடுத்துச் சிறு சரிவிலும் சோதித்தோம். அதன் பின்னரே மலைப்பாதையில் இறங்கினோம்.

சென்னையை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-இல் தோன்றியது. அதுமுதல் பிரேக் உறுப்புகளை உருவாக்குவதில் தமிழ்நாடு நீண்ட அனுபவம் பெற்றுள்ளது. ஓர் இயந்திரத்தை உருவாக்குவதோடு கடமை தீர்வதில்லை. அது உழைக்கும் காலம் முழுவதும், தொலைவிலுள்ள மலையூரிலும் அதன் உறுப்புகள் கிடைக்கச் செய்வதும் தொழிலின் ஒரு பகுதியே. நாளைக்குப் பொறியாளராகப் போகும் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். வண்டி வாங்கப் போகிறவர்கள் அது எவ்வளவு விரைவாக ஓடும் என்று கேட்பதோடு, அதன் பிரேக் உறுப்பு எங்கே கிடைக்கும் என்றும் கேட்கட்டும். சரியான உறுப்பு வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்கும் பொறுமையும் ஓட்டுநரின் திறமைகளுள் ஒன்றாகும்.