ஊசியும் வேண்டும் என்றால், கிளினிக்கை விடாமல்

பசறை, லுணுகலை, ஹாலிஎலைப் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வருகிற கேள்வி ஒன்றுதான்: "அக்குபங்சர் குத்தினால் புற்றுநோய் சுகமாகுமா?" சுகமாகாது. இன்னொரு தரமும் சொல்கிறேன், சுகமாகாது. கட்டியோடு மல்லுக்கட்டுவது ஒப்பரேஷனும் சேலைனில் ஏற்றுகிற மருந்தும் கரண்ட் வைப்பது என்கிற கதிர் வைத்தியமும்தான். அந்த வைத்தியத்தால் வருகிற உபத்திரவத்தைக் கொஞ்சம் தணிக்கலாம், அக்குபங்சர் ஊசியால் ஆவது அவ்வளவே. அதற்காக அதைச் சின்ன விஷயமென்று தள்ள முடியாது. வாந்திக்குப் பயந்து அடுத்த கிளினிக்குக்குப் போகாமல் லயத்திலேயே படுத்துவிட்டால், நல்ல மருந்து இருந்தும் என்ன பயன்?

முதலில் வாய்ப்புற்றை எடுங்கள். புகையிலை வைத்து வெற்றிலை போடுவது வாய்ப்புற்றுக்கு முக்கியமான காரணம். பாக்கு மட்டும் போட்டாலும் ஆபத்துதான். அந்தப் புற்றுக்கு வாயிலும் கழுத்திலும் கரண்ட் வைத்தால் உமிழ்நீர்ச் சுரப்பிகள் கெட்டு வாய் காய்ந்துவிடும். ரொட்டித் துண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தால்தான் இறங்கும். அமெரிக்காவில் ஹூஸ்டனிலும் சீனாவில் ஷாங்காயிலும் கரண்ட் வைத்த நாட்களிலேயே வாரம் 3 முறை சிலருக்கு அக்குபங்சர் ஊசி குத்திப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வெளிவந்தது. ஊசி போடாதவர்களைவிட இவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் வறட்சி குறைவாக இருந்தது. ஆனால் ஹூஸ்டனில், சும்மா பேருக்குக் குத்திய பொய் ஊசிக்கும் அதே மாதிரி பலன் தெரிந்தது. "அப்படியானால் இது வெறும் மனப்பிரமைதானே" என்று கேட்கிறீர்கள். பலனில் எவ்வளவு ஊசியால், எவ்வளவு கவனித்துப் பார்த்ததால் என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, அதுதான் உண்மை. உறுதியான வைத்தியம் என்று விற்கிறவர்களை அதனால்தான் நம்பாதீர்கள் என்கிறேன். ஆறுதல் கிடைத்தவரிடம் போய் அது பொய்யென்று வாதாடவும் மாட்டேன்.

குமட்டலுக்கு ஆதாரம் இதைவிடப் பலமானது. மருந்தேற்றிய பின் வரும் குமட்டலுக்கும் வாந்திக்கும் அக்குபங்சர் உதவும் என்று அமெரிக்க நிபுணர் குழு 1997லேயே சொல்லிவிட்டது. பஸ் ஏறிக் காசு செலவழித்துப் போக முடியாதவர்கள் ஊசி குத்தும் இடத்தைக் கையாலேயே அமுக்கிப் பார்க்கலாம். மணிக்கட்டு ரேகையிலிருந்து உங்கள் சொந்த விரல் மூன்றின் அகலம் மேலே, உள்பக்கம், இரண்டு தசைநாண் கயிறு போல ஓடுமே, அவற்றின் நடுவில். பெருவிரலால் சில நிமிஷம் அழுத்துங்கள். கிளினிக்கில் தந்த வாந்தி மாத்திரையையும் தவறாமல் போடுங்கள்.

"நம்ம அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு இது தெரியுமா?" கொழும்புக்குப் பக்கத்தில் களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்டன் ஜயசூரிய 1970களிலேயே ஊசி வைத்தியம் செய்தவர். ஆகவே டாக்டரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்டேதான் ஆக வேண்டும், ஏனென்றால் மருந்தேற்றிய பின் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது குத்தினால் கிருமி தொற்றலாம், தட்டணுக்கள் குறைந்திருந்தால் இரத்தம் கசியும். மார்புப் புற்றுக்கு அக்குளில் ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம். கடைசியாக இரத்தம் சோதித்த துண்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அதைப் பார்க்காமலே குத்த வருகிறவரிடம் கையை நீட்டாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போய், கையில் ஒரு பயணத்துக்குத்தான் காசிருக்கிறது என்றால், அந்தப் பயணம் பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத்தான்.