வினாத்தாளுக்கு முன் ஒரு கேள்வி



1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன் கலிபோர்னியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்தது. 400 பேருக்கு மேல் இறந்தனர். அணையின் கிழக்குப் பக்கம் ஊன்றியிருந்த மலை, ஒரு பழைய நிலச்சரிவு. கட்டும்போது அதை யாரும் கண்டறியவில்லை. அன்று பகலில்தான் தலைமைப் பொறியாளர் முல்ஹாலண்ட் கசிவைப் பார்வையிட்டு, ஆபத்தில்லை என்று சொல்லிச் சென்றிருந்தார்.

இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் நிலவியலாளர் உரிமம் பெறத் தேர்வு எழுத வேண்டும். அத்தேர்வுக்கு வினா அமைக்குமுன், பணியில் இருக்கும் நிலவியலாளர்களிடமே கணக்கெடுக்கிறார்கள். இந்த வேலையை எத்தனை முறை செய்கிறீர்கள்? தவறினால் மக்களுக்கு எவ்வளவு தீங்கு? எந்தப் பகுதிக்கு எத்தனை வினா என்பதற்கு அந்த விடைகளே அடிப்படை.

இரண்டாவது கேள்வி எனக்கு உறுத்தியது. பழைய சரிவைக் கண்டறிவது ஒருவர் எப்போதோ செய்யும் வேலைதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது வினாத்தாளுக்கே வராது.

நானோ இதுவரை பாடத்தின் பக்கங்களை எண்ணித்தான் மதிப்பெண் பிரித்தேன். (நீங்களும் அப்படித்தான், சிரிக்காதீர்கள்!) மின்சாரம் தாக்கியவரை மீட்பதை வகுப்பில் இரண்டு நிமிடத்தில் சொல்லிக் கடந்துவிடுவேன், தேர்வில் கேட்டதே இல்லை. இந்தப் பருவத்தில் கேட்டேன். நாற்பது பேரில் பதினொரு பிள்ளைகள், "கையைப் பிடித்து இழுப்பேன்" என்று எழுதியிருந்தார்கள்.