வரைபடம் காட்டிய பச்சோந்திகள்

ஒரு விலங்கு எங்கே வாழ்கிறது என்று கேட்டால், அதை எங்கே கண்டார்களோ அங்கே வாழ்கிறது என்றே நெடுங்காலம் விடை கூறி வந்தனர். மனிதர் சென்று பாராத இடங்களில் அது உண்டா, இல்லையா? இக்கேள்விக்கு விஞ்ஞானிகள் கண்டுள்ள ஒரு வழியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதற்காக, மாணவ நேயர்களே, உங்களை மடகாஸ்கர் தீவுக்கு அழைத்துச் செல்கிறேன்.

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்து மாக்கடலில் உள்ள அத்தீவு தமிழ்நாட்டைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையது. உலகத்துப் பச்சோந்தி இனங்களில் ஏறக்குறையப் பாதி அங்கேதான் உள்ளன. கிழக்கே மழைக்காடு, மேற்கே வறண்ட காடு, தெற்கே முட்புதர். ஒரு மலையில் காணும் இனம் அடுத்த மலையில் இராது. இத்தனை பெரிய நிலத்தை அடி அடியாகத் தேடுவது ஆகிற காரியமா? காடோ எரிந்தும் வெட்டுண்டும் குறைந்து வருகிறது. எதை முதலில் காப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள், தேடல் முடியும்வரை காத்திருக்க இயலாது.

அருங்காட்சியகங்களில் கண்ணாடிக் குப்பிகளுக்குள் சாராயத்தில் ஊறிக் கிடக்கும் பச்சோந்திகளை எண்ணிப் பாருங்கள். குப்பிதோறும் ஒரு சீட்டு. அதில் பிடித்த இடமும் நாளும். அந்தச் சீட்டுத்தான் இங்கே மூலதனம். அவ்விடங்களின் உயரம், மழை, வெப்பம், செயற்கைக்கோள் காட்டும் நிலத்தின் தன்மை ஆகியவற்றைக் கணிப்பொறியில் இடுகிறார்கள். அவற்றுக்குப் பொதுவானவை எவை என்று அது கண்டறிந்து, அதே நிலைமை உடைய மற்ற இடங்களை வரைபடத்தில் குறித்துத் தருகிறது. நெல் விளையும் நிலத்தை நன்கறிந்த உழவர், அயலூருக்குப் போனாலும் மண்ணையும் நீரையும் பார்த்தே இங்கே நெல் விளையும் என்று சொல்லிவிடுகிறார் அன்றோ? அதைப் போன்றதே இது.

கிறிஸ்டோபர் ராக்ஸ்வொர்தியும் அவர் தோழர்களும் 621 இடக்குறிப்புகளையும், நிலச் சூழல் பற்றிய 29 வகைத் தகவல்களையும் கொண்டு இவ்வாறு கணித்து, 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அண்மையில் நேரில் ஆராயப்பெற்ற 11 இடங்களில் கணிப்பைச் சோதித்தார்கள். 1978க்கு முந்திய சீட்டுகளை மட்டும் நம்பியபோது நூற்றுக்கு 74.7 பங்கு சரியாக இருந்தது. புதியவற்றை மட்டும் கொண்டபோது 85.1. இரண்டையும் சேர்த்தபோதோ 82.8தான்! பழைய சீட்டு எழுதிய நாளில் நின்ற காடு இப்போது இல்லாமற் போயிருக்கலாம். தகவல் பெருகினால் அறிவும் பெருகும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம்.

இந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் வெற்றியன்று, பிழையே. மூன்று பகுதிகளில் பல இனங்கள் இருக்கும் என்று வரைபடங்கள் ஒன்றுபோல் கூறின. அவ்வினங்களோ அங்கே காணப்படவில்லை. கணக்குத் தவறிற்று என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அப்பகுதிகளிலிருந்தே, அறிவியல் அதுவரை அறியாத ஏழு பச்சோந்தி இனங்கள் கிடைத்தன! ஒத்த சூழலை உறவினங்கள் நாடும்; ஆதலால் எதிர்பார்த்த இனம் இல்லாத வீட்டில் அதன் உறவினம் குடியிருக்கக்கூடும்.

அதே 2003இல், காக்கப்படும் நிலப்பரப்பை மும்மடங்கு ஆக்கப்போவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. எந்த நிலத்தைச் சேர்ப்பது? கிளேர் கிரெமன் முதலியோர் 2008ஆம் ஆண்டில் லெமூர், தவளை, பல்லி, வண்ணத்துப்பூச்சி, எறும்பு, தாவரம் என 2,315 இனங்களைக் கணக்கில் கொண்டு விடை தந்தனர். கண்ணுக்கினிய லெமூரை மட்டும் நினைத்து இடம் தேர்ந்தால் எறும்பும் தவளையும் விடுபட்டுப் போகக்கூடும். எல்லாவற்றையும் ஒருங்கே எண்ண வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இருப்பினும், வரைபடம் சொல்வது இங்கே வாழலாம் என்பதையே. வாழ்கிறது என்பதை யாராவது போய்த்தான் பார்க்க வேண்டும். 1913ஆம் ஆண்டுக்குப்பின் எவர் கண்ணுக்கும் தென்படாதிருந்த ஃபோல்ட்ஸ்கோவ் பச்சோந்தியை 2018இல் மீண்டும் கண்டார்கள். அடர்ந்த காட்டில் அன்று. வடமேற்குக் கரையோரத்தில் ஒரு விடுதித் தோட்டத்தில்! மழைக்காலத்துச் சில மாதங்களே அது உயிர் வாழ்வதாகக் கருதுகிறார்கள். மற்றப் பருவத்தில் தேடிச் சென்றவர்களுக்கு அது எப்படிக் கிடைக்கும்?